மலையும் ஒன்றுதான்; தராசும் ஒன்றுதான்!



பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையின் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். உள்ளூர், வெளியூர், ஆந்திரா, கர்நாடகா என்று லட்சக்கணக்கில் வந்து குவிகிறார்கள். இந்த ஊரில் நம்மவர்களும் கடை வைத்திருக்கிறார்கள். பழக்கடை, செருப்புக்கடை, தள்ளுவண்டி... வாங்க வருபவர் வெளியூர்க்காரர். பாஷை தெரியாது. மறுபடி வருவாரோ, மாட்டாரோ! 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை 30 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவார். ஒரு கிலோ ஆப்பிளில் 100 கிராம் குறைந்தால் யார் நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

இந்த இடத்தில்தான் ஒரு தத்துவம் பிறக்கிறது. "காலத்துக்குத் தக்கபடி போகணும் பாய்! சரி, தப்பு எல்லாம் அவரவர் பார்வையைப் பொறுத்தது" என்கிறார் வியாபாரி. கல்லூரிக்குப் போய் வந்த அவருடைய மகனோ இதையே அழகாகச் சொல்கிறான்: "முழுமையான உண்மை என்று எதுவும் கிடையாது அத்தா! எல்லாமே சார்பு உண்மைதான். ஐன்ஸ்டீனே சொல்லிவிட்டார்!"

தம்பி! எல்லாமே சார்பு என்கிறாயே, நீ சொன்ன அந்த வாக்கியம் எப்படி? அது எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் என்றால், சார்பில்லாத ஓர் உண்மையை நீயே ஒப்புக்கொண்டாய். அது உனக்கு மட்டும்தான் பொருந்தும் என்றால், எங்களிடம் ஏன் வாதாடுகிறாய்?

ஐன்ஸ்டீனைச் சாட்சிக்கு அழைக்கிறாய். 1905-ல் அவர் தந்த சார்பியல் கொள்கை எதன் மீது நிற்கிறது தெரியுமா? வெற்றிடத்தில் ஒளியின் வேகம், சீராகச் செல்லும் எந்தப் பார்வையாளர் அளந்தாலும் ஒன்றே என்பதன் மீது! நேரமும் நீளமும் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும். அந்த விதி மாறாது. உன் சாட்சி உனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறார்.

உன் ஊரையே பார். கிழக்கே நின்று பார்த்தால் மலைக்கு ஒரு தோற்றம். மேற்கே போனால் வேறொரு தோற்றம். பாதை வளைய வளைய மலையின் உருவமும் மாறிக்கொண்டே வருகிறது. அதற்காக எட்டுத் திசைக்கு எட்டு மலை என்று எவனாவது சொல்வானா? மாறியது நீ நிற்கும் இடம். மலை மாறவில்லை.

"அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறாக இருந்ததே?" என்று கேட்கலாம். உண்மைதான். சென்னைப் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு. சேர், வீசை, பலம் என்று பாட்டனார் நிறுத்தார். 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ கிராம் வந்தது. பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த உலோகக் கட்டிதான் உலகத்துக்கே கிலோவாக இருந்தது. 2019 மே 20 முதல் அதையும் விட்டுவிட்டு, இயற்கையில் மாறாத ஓர் எண்ணைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். அளவின் பெயர் மாறியது; படிக்கல் மாறியது. ஆனால் ஒரு படி என்று சொல்லி முக்கால் படி அளந்தவன் அன்றும் திருடன்தான், இன்றும் திருடன்தான். எந்த ஊர்ப் படியிலாவது அது நேர்மை என்று பெயர் பெற்றதுண்டா?

நம் மார்க்கத்திலும் சூழ்நிலைக்கு இடம் உண்டு. பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறார். நோயாளி நோன்பைப் பின்னர் நோற்கிறார். பசியால் உயிர் போகும் நிலையில் ஹராமான உணவும் உயிர் காக்கும் அளவுக்கு அனுமதி. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எகிப்துக்குச் சென்ற பின் தமது கருத்துகள் பலவற்றை மாற்றிக் கொண்டார்கள். நான்கு மத்ஹபுகளிடையே எத்தனையோ கருத்து வேறுபாடுகள்! ஆனால் எடையில் மோசடி ஹலால் என்று ஓர் இமாமாவது சொன்னதுண்டா? சலுகை என்பது சட்டத்துக்குள்ளேயே இருக்கும் வாசல். நீ சுவரையே இடித்துவிட்டு அதை வாசல் என்கிறாய்!

"தொழுகை வேறு, தொழில் வேறு" என்பது புதிய சிந்தனையும் அல்ல. மத்யன் நகர வியாபாரிகளிடம் ஷுஐப் (அலை) அவர்கள், அளவையும் நிறுவையையும் நிறைவாக்குங்கள் என்றார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? எங்கள் பொருளில் எங்கள் இஷ்டப்படி நடக்கக் கூடாது என்று உம் தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது என்று கேலி பேசினார்கள். ஹூது அத்தியாயத்தில் இதைப் படிக்கிறோம். அந்தச் சமுதாயத்தின் முடிவையும் அதே அத்தியாயத்தில் படிக்கிறோம். படித்துவிட்டுக் கடையைத் திறந்ததும் மத்யன்வாசியாக மாறிவிடுகிறோமே!

"பௌர்ணமிக்கு இடம் பிடிக்க வாடகை, ஆள் கூலி... எங்களுக்கு யார் நியாயம் பார்க்கிறார்கள்?" உன் கஷ்டம் புரிகிறது சகோதரா! லாபம் வைக்காதே என்று மார்க்கம் சொல்லவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையைக் கட்டுப்படுத்தும்படி மக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பழத்துக்கு உன் விலையை எழுதித் தொங்கவிடு. கட்டுபடியானவர் வாங்கட்டும். ஆனால் சொன்ன எடையைக் கொடு. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்காதே; அது நாட்டுச் சட்டப்படியும் குற்றம். மேலே காய்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியிடம், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மறந்துவிடாதே. ஏமாற்றப்படுபவர் முஸ்லிமா, இந்துவா என்று அந்த எச்சரிக்கை பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசியாக, சமுதாய அக்கறையுள்ள இளைஞனே, உனக்கு ஒரு வார்த்தை! 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதியை இடித்தார்கள். அது சட்டத்தின் ஆட்சியை அப்பட்டமாக மீறிய செயல் என்று 2019 நவம்பர் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொன்னது. சொல்லிவிட்டு, இடத்தைக் கோயில் கட்டக் கொடுத்தது. "இது அநியாயம்" என்று நாம் குரல் கொடுக்கிறோம். எந்த அடிப்படையில்? உண்மை அவரவர் பார்வை என்றால், "எங்கள் பார்வையில் அது நியாயம்" என்று இடித்தவன் சொல்லிவிட்டுப் போகலாமே! அப்புறம் தலைகளை எண்ணி, கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அதுவே உண்மை என்றாகிவிடும். சிறுபான்மைக்கு மாறாத நீதியைத் தவிர வேறு கேடயம் ஏது? அந்தக் கேடயத்தை 100 கிராம் ஆப்பிளுக்கு விற்கலாமா?

மேடையில் நீதி கேட்கும் நாம், தராசில் நீதி கொடுத்தாக வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு முன் உன் தராசின் முத்திரை காலாவதி ஆகிவிட்டதா என்று பார். விலைப் பலகை எழுது. தெரியாத ஊரிலிருந்து வந்து, தெரியாத பாஷையில் விலை கேட்கும் அந்த மனிதருக்குச் சரியாக நிறுத்துக் கொடு. அவர் திரும்பி வராமல் போகலாம். நாம் எல்லோரும் திரும்பிப் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் ஒரு தராசு இருக்கிறது. அதன் முன் "அது என் பார்வை" என்று சொல்லித் தப்ப முடியுமா?

சிந்திப்போம்! செயல்படுவோம்! வல்ல அல்லாஹ் நம் தராசுகளைச் சீராக்குவானாக!