துவர்ப்பின் மகிமை

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலை வேளைகளில் உலாவ வருவோர் பேசாத விஷயம் உலகில் இல்லை. சென்ற வாரம் அங்கே நடந்த சம்பாஷணை இத்தாலிய தேசத்துச் சிவப்புத் திராட்சை மதுவைப் பற்றியது. நம்மிடம் முன்னர்ப் படித்து, இப்பொழுது அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர், "இன்ன மதுவுக்கு இன்ன உணவே பொருந்தும் என்று அங்கே ஒரு சாஸ்திரமே இருக்கிறது, ஸார்! நமக்கு அந்த நாக்கு ஏது?" என்றார். மதுவைத் தொட்டறியாத நமக்கு மதுவைப் பற்றிச் சொன்னதில் வருத்தமில்லை. நாக்கைப் பற்றிச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. ஆகவே அந்தச் சாஸ்திரத்தைச் சற்று ஆராய்வோம்.

அவர் புகழ்ந்தது கியான்டி என்னும் மது. பிளாரன்ஸ், ஸியன்னா என்ற இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள டஸ்கனிக் குன்றுகளில் விளைவது. அவ்விளைநிலத்தின் எல்லையை அந்நாட்டுப் பிரபு மூன்றாம் காஸிமோ 1716-ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டு வரையறுத்தார். அதில் பிரதானமாய்ச் சேர்வது ஸான்ஜியோவேஸே என்னும் திராட்சை. ரஸிகர்கள் கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்ப்பார்கள், சுழற்றி முகர்வார்கள், பிறகு ஒரு வாய் உறிஞ்சி நாவெங்கும் புரட்டுவார்கள். செர்ரிப் பழத்தின் வாசனை, எடுப்பான புளிப்பு, முடிவில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு ஆகியவை அதன் லக்ஷணங்களாம்.

இந்தத் துவர்ப்பில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் உண்டு. நமது உமிழ்நீரில் நாக்கை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களை அது பற்றிக்கொள்கிறது. நாக்கு வறண்டு சொரசொரப்பாகிறது. கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவு கூடவே வந்தால், டானின் அதைப் பற்றிக்கொண்டு நாக்கைச் சற்றே விட்டுவிடுகிறது. சுட்ட மாட்டிறைச்சியுடனும் ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியுடனும் டஸ்கனி மக்கள் அம்மதுவை அருந்துவது இதனாலேதான். தக்காளிக் குழம்பின் புளிப்புக்கு மதுவின் புளிப்பு ஈடு கொடுக்கிறது. நமது மிளகாய்க் காரத்துடன் சேர்ந்தாலோ, மதுவிலுள்ள சாராயச் சத்து எரிச்சலைப் பின்னும் வளர்த்துவிடும்.

இதை அறியக் கடல் கடக்க வேண்டுவதில்லை. தேயிலையைக் கடுப்பாகக் கொதிக்க வைத்து, பால் விடாமல் ஒரு மிடறு அருந்திப் பாருங்கள், நாக்கு இறுகும். அதிலேயே பாலை விடுங்கள். பாலின் புரதம் டானினைக் கட்டிவிட, துவர்ப்பு அடங்கும். நம் வீட்டுப் பெண்மணிகள் வாழைப்பூவை மோரில் போட்டுப் பின்னர்ப் பருப்புடன் சேர்த்து உசிலி செய்வதும் ஏறக்குறைய இதே உபாயந்தான். மேனாட்டு விஞ்ஞானிகள் அடிப்படைச் சுவைகளுள் துவர்ப்பைச் சேர்ப்பதில்லை. அதை ஸ்பரிச உணர்ச்சி என்பார்கள். நம் முன்னோரோ அறுசுவையில் அதற்கு ஆசனம் அளித்து, அதைப் பக்குவப்படுத்தவும் கற்றிருந்தார்கள். நாக்கு ஏது என்று கேட்பவர்களுக்கு அடுப்பங்கரையே விடை கூறும்.

இத்தாலிய மதுவும் நமக்குப் புதிதன்று. 1945-ல் வீலர் துரை புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, யவனர் மது கொணர்ந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. கூடவே கிடைத்த செந்நிற மட்பாண்ட வகைக்குப் பெயர் தந்த அரெஸ்ஸோ நகரம் அதே டஸ்கனி நாட்டைச் சேர்ந்தது. பாண்டியன் நன்மாறன் யவனர் மதுவைப் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்நியச் சரக்கை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரீக்ஷித்தவர்கள் நாம்!

இவ்வளவும் எழுதியது மதுவுக்கு வக்காலத்து வாங்குவதற்கு அன்று. சாஸ்திரம் நுட்பமானது என்பதால் சரக்கு நல்லதாகிவிடாது. மதுபானம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1988-லேயே தீர்ப்பளித்தது. 1937 அக்டோபர் முதல் தேதியன்று ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது, 1971-ல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சர்க்கார் கழகமே கடை வைத்துச் சில்லறையாய் விற்கிறது. தகப்பனாரின் கூலி வீடு வந்து சேராத நாளில், மறுநாட்காலை வகுப்பில் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்பதை உபாத்தியாயர் எவரும் அறிவர். கிண்ணத்தைச் சுழற்றி முகர்வோரின் நாகரிகப் பேச்சு, அந்தப் பிள்ளையின் காதிலும் விழுகிறது என்பதை மறக்கலாகாது.

அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றே: உண்பதைக் கவனித்து உண்ணுதல். செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டோ, கைப்பேசியைத் தடவிக்கொண்டோ விழுங்குகிறவனுக்கு வாழைப்பூவும் ஒன்றுதான், வைக்கோலும் ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை உட்கார வைத்து, ஆளுக்கொரு நெல்லிக்காய் கொடுத்து, நாக்கில் என்ன நிகழ்கிறதென்று கேளுங்கள். பிறகு ஒரு கரண்டி தயிர் கொடுத்து மறுபடியும் கேளுங்கள். காசு செலவில்லை, தலைவலியும் இல்லை.