கருவிக் கொடையும் அதனை ஆளும் கல்வியும்

கல்லூரி விழா மலர்களிற் பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் சென்ற நாட்களின் பெருமை பேசுவனவாகவே அமைகின்றன. அது தக்கதே. ஆயினும் விழாவென்பது பின்னோக்குவதற்கு மட்டுமன்றி முன்னோக்குவதற்கும் உரிய காலமாகும். ஆதலின், பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்கு வழங்கும் கொடைகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

முன்னாளிற் கொடையென்றால் கட்டடம், கிணறு, நூல்நிலையத்துக்கு அலுமாரி, விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் என்பனவே நினைவுக்கு வரும். கொடுத்தவுடன் கொடுத்தவர் கடமை முடிந்தது. அலுமாரி தானாகவே நிற்கும். இன்று நாம் கொடுப்பவை வேறு வகையின. வகுப்பறைகளுக்கு இணையத்தைப் பகிரும் ரவுட்டர், வாயிலைக் காக்கும் கமரா, பாடங்களைச் சேமித்து வழங்கும் சிறு கணினி முதலியன அவை. இவற்றுட் பெரும்பாலானவற்றின் உள்ளே லினக்ஸ் என்னும் இயங்குதளம் இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கின்றது. திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை, ஆதலின் அவை கணினிகள் என்பதே பலர்க்குத் தோன்றுவதில்லை. அவை ஒருநாள் நின்றுவிட்டால் அலுமாரியைப் போலத் தச்சனை அழைத்துத் திருத்தவும் இயலாது. பொருத்தியவர் எப்பொழுதோ ஊர் திரும்பியிருப்பார். கடவுச்சொல்லும் அவரோடு சென்றிருக்கும்.

எமது கருத்தைச் சுருங்கக் கூறுவோம். அமைவு இன்னதென்று எழுதிவைக்கப்படாமலும், அதனை ஆளும் மாணவர் பயிற்றப்படாமலும் கொடுக்கப்படும் கருவி கொடையாகாது. அது பொருத்தியவரிடம் நாம் பெற்ற இரவலேயாகும்.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டை மேற்கொள்வோம். நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. மாரியில் நீர் ஏறுங்கால் முகத்துவாரத்து மணற்றிட்டை எப்பொழுது வெட்டுவதென்பது படுவான்கரை வயலுடையார்க்கும் வாவியில் மீன்பிடிப்போர்க்கும் ஒருங்கே உரிய கேள்வி. இருசாரார் நலன்களும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. 2011ஆம் ஆண்டு சனவரி வெள்ளத்தை நேரிற் கண்டோர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இத்தகைய கேள்விக்கு ஊகம் போதாது. மணிக்கு மணி எழுதிய நீர்மட்டக் கணக்கு வேண்டும். நம் மாணவர் சிலர் வாவிக்கரையில் நீர்மட்டம் அளந்து பதியும் பெட்டியொன்றை நிறுவுகின்றனர் எனக் கொள்வோம். 2012ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியும், ஓர் உணர்கருவியும், ஒரு பற்றரியும் இதற்குப் போதும். பெட்டியைச் செய்தல் எளிது. வெள்ளம் வந்த இரவில் அது விழித்திருக்கும்படி செய்தலே அரிது.

அப்பெட்டியினுள் ஒன்றன்று, பல சேவைகள் ஓடுகின்றன. நேரத்தைக் காப்பது ஒன்று; நீரை அளப்பது ஒன்று; அளந்ததை இணையவழி அனுப்புவது ஒன்று; தூரத்திலிருந்து பெட்டியைத் திறந்து பார்க்க வழிசெய்வது மற்றொன்று. இவற்றை எழுப்பவும், முறைப்படுத்தவும், வீழ்ந்தால் மீள எழுப்பவும் ஒரு தலைமைச் சேவை உண்டு. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் அது 2010ஆம் ஆண்டில் தோன்றிய சிஸ்டம்டி என்பதாகும்.

முறையென்பது மட்டக்களப்பார்க்குப் புதியதன்று. வைகாசியிற் கண்ணகை அம்மன் கோயிற் சடங்கிற் கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், குளிர்த்தி என ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழும். கதவு திறவாமுன் குளிர்த்தி பாடுவாரில்லை. பெட்டியின் சேவைகளுக்கும் இவ்வாறு முறை வகுத்தல் வேண்டும். வகுக்காவிடின் நேர்வதைக் காண்போம். 2023இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முந்திய ராஸ்பெரி பைகளில், மின் நின்ற பின்னும் நேரங்காக்கும் கடிகாரம் இல்லை. ஐந்தாவதிலும் அதற்குரிய மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்தல் வேண்டும். மின் நின்று மீண்டபொழுது இணையம் கிட்டாவிடின், பெட்டி பழைய நேரத்தையே மெய்யென நம்பி எழும். அப்பொழுது அளக்கும் சேவை முந்தி எழுந்தால், நள்ளிரவில் ஏறிய நீர் மாலையில் ஏறியதாகப் பதிவாகும். எண் சரி, நேரம் பிழை. பதிவே இல்லாமையினும் இது தீது. ஏனெனில் பார்ப்போர் அதனை நம்புவர்.

இதற்கு மருந்து யாது? சிறு மின்கலத்தோடு கூடிய கடிகாரச் சில்லொன்றைப் பொருத்தி, நேரம் சரியான பின்னரே அளத்தல் தொடங்குமென அமைவுக் கோப்பில் எழுதுதல் வேண்டும். அதே வேளையில், அளத்தல் இணையத்துக்காகக் காத்திருத்தல் ஆகாது. வெள்ள இரவில் முதலில் அறுவது இணையமே. அனுப்பும் சேவை காத்திருக்கட்டும். அளக்கும் சேவை தன்பாட்டில் அளந்து சேமிக்கட்டும். ‘இதன் பின்னர் இது’ என்பது ஒன்று; ‘இஃது இன்றேல் அஃது இல்லை’ என்பது வேறொன்று. சிஸ்டம்டியில் இவ்விரண்டும் வெவ்வேறு வரிகளாக எழுதப்படுகின்றன. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன், கணினியை மட்டுமன்றி எந்தப் பணியையும் ஒழுங்குசெய்யும் அறிவைப் பெற்றவனாவான்.

அடுத்து, வீழ்ந்த சேவையை மீள எழுப்புதல். இதற்கு ஒரு வரி போதும். ஆயின் ஈண்டும் ஒரு நுட்பமுண்டு. வேறாகக் கூறாவிடின் சிஸ்டம்டி வீழ்ந்த சேவையை நொடியின் பத்திலொரு பங்கிலேயே எழுப்ப முயலும். 10 நொடிக்குள் 5 முறை எழுப்பியும் அது நில்லாவிடின் கைவிட்டுவிடும். உணர்கருவியின் கம்பி ஈரத்தால் ஒரு நிமிடம் பேசாதிருந்தாலும் போதும். அச்சேவை அன்றிரவு முழுவதும் எழாது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் 30 நொடி பொறுக்கும்படி எழுதிவைத்தால் இவ்விடர் நீங்கும். பெட்டி முழுவதுமே உறைந்துபோனாற் செய்வது யாது? அதற்கென வன்பொருளிலேயே ஒரு காவற்கடிகாரம் உண்டு; குறித்த நொடிகளுக்குள் உயிர்க்குறி கிட்டாவிடின் அது பெட்டியை மீளத் தொடங்கச்செய்யும். ஆயினும், அதனைப் பயன்படுத்துமாறு அமைவில் எழுதப்பட்டிருந்தாலன்றி அது வாளாவிருக்கும்.

மின்தடையின் கொடுமை நாமறிந்ததே. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடு இருண்டிருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் ஒருங்கே மின்னிழந்தபொழுது, பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றே காரணமெனக் கூறப்பட்டது. குரங்குக்கு அஞ்சாத அமைவே நமக்கு வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின் அறுந்தால் நினைவட்டையிலுள்ள கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே நிரல்கள் உள்ள பகுதியை வாசிப்பதற்கு மட்டும் உரியதாக்கி, அன்றாடக் குறிப்புகளைத் தற்காலிக நினைவகத்தில் வைத்து, நீர்மட்டக் கணக்கை மட்டும் அட்டையில் எழுதுவித்தல் அறிவுடைமையாகும்.

ரவுட்டர்களிலும் இவ்வறிவைக் காணலாம். 2002ஆம் ஆண்டு இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட ரவுட்டரொன்றில் லினக்ஸ் இருப்பது பின்னர் வெளிப்பட்டது. லினக்சின் உரிமத்துக்கிணங்க அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட, அதிலிருந்து 2004இல் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்னும் பொதுமுயற்சி பிறந்தது. அதில் அம்முயற்சியார் தந்தது மாறாத அடித்தளமாக இருக்கும். நாம் செய்த மாற்றங்கள் அதன்மேல் ஒரு மெல்லிய படையாக அமையும். மேற்படையை நீக்கினால் கருவி பிறந்தநாளிற் போலாகும். சிஸ்டம்டியிலும் இக்கொள்கையே உண்டு. வந்தபடி உள்ள கோப்பைத் திருத்தாது, நம் மாற்றத்தை வேறிடத்தில் எழுதினால் அதுவே மேலோங்கும். புதுப்பிப்பு வரும்பொழுதும் அழியாது. எது அவர்கள் தந்தது, எது நாம் செய்தது என்பதை எப்பொழுதும் பிரித்தறியலாம்.

இனிப் பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களிலும் ரவுட்டர்களிலும் அறுபதுக்கு மேற்பட்ட வழக்கமான கடவுச்சொற்களைச் சோதித்தே நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகள் ஒருங்கே ஏவப்பட்டு டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்க, பெயர்பெற்ற தளங்கள் பல, மணிக்கணக்காக எட்டாமற் போயின. உரியவர்கள் தீயவர் அல்லர். தம் பெட்டியில் எந்தச் சேவை திறந்திருக்கின்றதென்பதை அறியாதவர், அவ்வளவே. வேண்டாத சேவையை நிறுத்துதலும், கடவுச்சொல்லை மாற்றுதலும் வீட்டுக் கதவைத் தாழிடுவதற்கு ஒப்பாகும்.

‘இவை பொறியியலாளர் வேலை, மாணவர் பரீட்சைக்குப் படிக்கட்டும்’ என்பார் உளர். பரீட்சையை நாம் இகழவில்லை. ஆயின், நேரம், முறை, சார்பு, காப்பு என்பவற்றை ஒரு சிறு பெட்டியிற் கண்கூடாகக் காண்பது படிப்புக்குப் புறம்பானதன்று. ‘கட்டளைகள் ஆங்கிலத்தில் உள்ளனவே, தமிழுக்கு ஈண்டு இடமேது?’ என்பாரும் உளர். கட்டளை ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதன் காரணம் தமிழில் எழுதப்படலாம். கோப்பில் விளக்கக் குறியிட்டுத் தமிழில் எழுதுவதற்குத் தடையேதுமில்லை. ஆயின் ஓப்பன்-டபிள்யூஆர்டியில் அதற்குரிய கட்டளைவழி அமைவை மாற்றிச் சேமிக்கும்பொழுது இவ்விளக்கங்கள் அழிந்துவிடும். ஆகவே புறத்தே ஓர் ஏடும் இன்றியமையாதது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலைத் தமிழிற் சிந்திக்க இயலுமென்பதை நம் மண்ணிலிருந்து சென்ற ஒருவரே செய்து காட்டினார். நாம் அதனை ஒரு ரவுட்டரின் அளவிலாயினும் செய்யத் தயங்குதல் முறையாகுமா?

ஏடெழுதுதலும் நமக்கு அந்நியமன்று. கோயில் ஊழியங்களை எந்தக் குடியார் எம்முறையிற் செய்தல் வேண்டுமென்பதை ஏட்டில் எழுதிக் காத்த நாடு இது. எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்கள் 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தைப் புரட்டுவோர் இதனை அறிவர். வண்ணக்கர் மாறினாலும் முறை மாறாதிருந்ததற்கு எழுதிவைத்தமையும் ஒரு காரணமன்றோ?

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, இனிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு கருவியோடும் தமிழில் எழுதிய அமைவேடு ஒன்றும் கொடுக்கப்படல் வேண்டும். எந்தச் சேவைகள் ஓடுகின்றன, எது எதற்குப் பின்னர் எழுகின்றது, எது ஏன் நிறுத்தப்பட்டது, நாள் குறித்து யார் எதனை மாற்றினார் என்பன அதில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் மட்டும் முத்திரையிட்ட உறையில் அதிபரிடம் இருக்கட்டும், பொருத்தியவரிடம் அன்று. இரண்டாவது, கருவியை ஏற்குமுன் எல்லோரும் காண மின்னை அறுத்து மீளக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவர் கையும் படாது எல்லாச் சேவைகளும் மீள எழுந்தாலன்றிப் பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுத்தலாகாது. மூன்றாவது, மேல்வகுப்பில் ஒருவரும் கீழ்வகுப்பில் ஒருவருமாக இரு மாணவர் அக்கருவிக்குப் பொறுப்பாதல் வேண்டும். மூத்தவர் கல்லூரியை விட்டு நீங்குமுன் இளையவர் ஏட்டை மட்டும் துணைக்கொண்டு கருவியை வெறுநிலையிலிருந்து மீளமைத்துக் காட்டல் வேண்டும்.

இம்மூன்றுக்கும் ஆகும் செலவு சிறிது. நாடாவை வெட்டிப் படமெடுக்கும் விழாவுக்கு ஆவதினும் குறைவு. இவற்றைச் செய்யாவிடின், சில ஆண்டுகளில் நம் பெயர் பொறித்த பெட்டிகள் களஞ்சிய அறையிற் குவிந்திருப்பதையே அடுத்த விழாவுக்கு வருவோர் காண்பர். செய்தால், வாவி பெருகும் இரவொன்றில் மின்னும் இணையமும் அற்ற வேளையிலும், நம் மாணவர் அமைத்த பெட்டியொன்று சரியான நேரத்தோடு நீரின் மட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும்; விடிந்தபின் முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்று கூடுவோர் கையில் அக்கணக்கு இருக்கும். அதனை வாசித்து விளக்க ஒரு மாணவனும் அங்கு நிற்பான்.