வாப்பாவின் வண்டி



நம் ஊர்த் தெருக்களில் நடந்து செல்கையில், ஏதேனும் ஒரு வீட்டின் கொல்லையில் ஓடாத வண்டியொன்று மரத்தடியில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். சக்கரங்கள் மண்ணில் பாதி புதைந்திருக்கும். பின்புறப் பெட்டியில் சருகுகள் நிறைந்திருக்கும். அதை விற்கவும் வீட்டாருக்கு மனம் வராது. ஓட வைக்கவும் வழி தெரியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி நிற்குமாயின், இம்மாதப் பக்கம் உங்களுக்காகவே எழுதப்படுகின்றது.

எங்கள் தெருவில் தேங்காய் வியாபாரி ஒருவர் இருந்தார். 1992ஆம் ஆண்டில் அவர் ஒரு டாடாமொபைல் பிக்கப் வண்டி வாங்கினார். தோப்புகளிலிருந்து அதில் தேங்காய் ஏற்றி வந்து விற்றே இரண்டு ஆண்மக்களைப் படிக்க வைத்தார். பெண்மகளை மணம் முடித்துக் கொடுத்தார். அவர் வஃபாத்தான பின்பு வண்டி கொல்லைக்குப் போய்விட்டது. பல ஆண்டுகள் சென்று, மூத்த மகன் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். தகப்பனார் செய்த தொழிலையே தம்பியுடன் சேர்ந்து செய்ய விரும்பினார். புது வண்டி வாங்கக் கையில் பணம் போதவில்லை. வட்டிக் கடன் வாங்க வீட்டார் இசையவில்லை. "வாப்பாவின் வண்டியையே எடுத்துக் கட்டுவோம்" என்று முடிவாயிற்று.

ஒரு வண்டியைக் கட்டுவதற்கு மற்றொரு வண்டியை விலைக்கு வாங்கி, அதன் பாகங்களைக் கழற்றி இதில் பொருத்துவது பட்டறைகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். பாகங்களைத் தருகின்ற அந்த இரண்டாவது வண்டியை நாம் இங்கே 'கொடை வண்டி' என்போம். பாகங்களை ஒவ்வொன்றாகக் கடை கடையாகத் தேடுவதைக் காட்டிலும் முழு வண்டியாக வாங்குவது பல வேளைகளில் சிக்கனமானது. எஞ்சினுடன் அதன் தாங்கிகள், குழாய்கள், ஒயர்கள், சிறு போல்ட் நட்டுகள் யாவும் சேர்ந்தே வந்துவிடும். எது எங்கே எப்படிப் பொருந்தியிருந்தது என்பதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த வண்டிக்கு எந்த வண்டி பொருந்தும் என்பதை முதலில் அறிய வேண்டும். டாடாமொபைல் 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று அவ்வண்டி கிடைப்பது அரிது. எனினும் 1994இல் வெளிவந்த டாடா சுமோவின் தொடக்ககால வண்டிகளிலும் அதே 1948 சி.சி. டீசல் எஞ்சின்தான் இருந்தது. ஆகவே பிக்கப்புக்குப் பழைய சுமோ கொடை வண்டியாக ஆகலாம். பின்னாளில் வந்த சுமோக்களில் வேறு எஞ்சின்களும் வந்துவிட்டன. பெயர் ஒன்றென்பதற்காக உள்ளிருப்பதும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது. எஞ்சினின் வகையையும் கியர்பாக்ஸையும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

சகோதரர்கள் இருவரும் ஓர் அனுபவசாலியான மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்து, சேஸிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்து உள்ளே அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். பின் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்களிலும், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடத்திலும், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகளிலும் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நாடாவைப் பிடித்து, சேஸிஸின் மூலைக்கு மூலை குறுக்காக இரு பக்கமும் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சேஸிஸ் கோணவில்லை என்று பொருள். வெளியே வந்து, "இது தேறும், இனி மற்றதைப் பேசலாம்" என்றார்.

வாசகர்களே, இந்த முதல் பாடத்தை மறவாதீர்கள். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், கதவை, கண்ணாடியை, இருக்கையை மாற்றலாம். வண்டி என்பது சேஸிஸ்தான். அதில் பொறித்துள்ள எண்தான் அதன் பெயர். அது உளுத்துவிட்டதென்றால் மேலே என்ன பூட்டினாலும் பயனில்லை.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியமானது. கொடை வண்டி தேடும் பொறுப்பு இளையவரிடம் விடப்பட்டது. நகரத்தில் ஒரு தரகர் மூலம் சுமோ ஒன்று மிகக் குறைந்த விலைக்கு வந்தது. எஞ்சின் ஒரே திருப்பில் உறுமிற்று. மகிழ்ச்சியில் அவர் 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். "ஆர்.சி. புத்தகம் பிறகு வரும்" என்று தரகர் சொன்னார். மூத்தவர் சென்று பார்த்தபோது, எஞ்சின் எண் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம் இருந்தது.

"காக்கா, நமக்குத் தேவை எஞ்சின் மட்டும்தானே? வண்டி நம்முடையது, பதிவும் நம்முடையது. உள்ளே இருக்கும் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் இளையவர்.

மூத்தவர் தயங்கினார். முன்பணம் சிறிய தொகையன்று. அவ்வளவு நல்ல எஞ்சின் அவ்விலைக்கு மறுபடி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. இரவு உணவின்போது பேச்சு உம்மாவின் காதுக்கு எட்டியது. அந்த அம்மையார் அதிகம் பேசவில்லை. "உங்கள் வாப்பா இந்த வண்டியில் ஒரு தோப்பிலும் எண்ணாமல் தேங்காய் ஏற்றியதில்லை. எவருடைய பொருளென்று தெரியாத ஒன்றை இதில் கொண்டுவந்து பூட்டாதீர்கள். பணம் போனால் போகட்டும்" என்றார்.

முன்பணம் போயிற்று. திரும்பக் கேட்கச் சென்றபோது தரகரின் கைப்பேசி ஒலிக்கவே இல்லை. அந்த இழப்பு அவ்வீட்டை உறுத்தியது உண்மை. ஆயினும் எதை வாங்காமல் தப்பினார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் என்று பின்னர் தெரிய வந்தால், கொடை வண்டி மட்டுமன்று, வாப்பாவின் வண்டியும் சேர்ந்தே காவல் நிலையத்து வாசலுக்குப் போயிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எஞ்சினை மாற்றினால் அதனை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு வண்டி இனி ஓடவே இயலாதென்ற நிலைக்கு வந்தால் அதையும் தெரிவித்துப் பதிவை நீக்க வேண்டும்; இது 55ஆம் பிரிவு. ஆகவே கொடை வண்டியையும் பிரித்துப் போட்டு மறந்துவிட முடியாது. அதன் பதிவு உயிரோடிருக்க, அதன் எண்ணை வேறெவரேனும் தீய வழியில் பயன்படுத்தினால், கேள்வி பதிவிலுள்ள உரிமையாளரிடமே வரும். 2021ஆம் ஆண்டில் வந்த விதிகளின்படி, பழைய வண்டிகளை முறையாக உடைத்துச் சான்றிதழ் தரும் பதிவு பெற்ற நிலையங்கள் இருக்கின்றன. வாங்கப்போகும் வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று பொதுமக்களே பார்த்துக்கொள்ளத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வசதி செய்துள்ளது. ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்று, வண்டியின் தற்போதைய நிலை, நிலுவை வரி, தகுதிச் சான்று ஆகியவற்றைக் கேட்டறிந்து வருவது நலம். செலவழித்த பின்பு கேட்பதில் பயனில்லை.

சில மாதங்களுக்குப் பின் பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பழைய சுமோ கிடைத்தது. விபத்தில் கூரை நசுங்கியது; எஞ்சினுக்குச் சேதமில்லை. தாள்கள் யாவும் இருந்தன. விலை முந்தியதை விட அதிகம். வாங்கினார்கள்.

வேலை தொடங்கியது. மெக்கானிக் முதல் நாளே இரண்டு பட்டியல் எழுதச் செய்தார். கொடை வண்டியிலிருந்து எடுக்கக்கூடியவை ஒன்று: எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஸ்டார்ட்டர், டைனமோ, கண்ணாடி, இருக்கை. எக்காரணம் கொண்டும் பழையது போடக்கூடாதவை மற்றொன்று: பிரேக் ரப்பர்கள், பிரேக் ஹோஸ், பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், ஆயில் சீல்கள், ஸ்டியரிங்கின் பந்து மூட்டுகள், பெல்ட், தண்ணீர்க் குழாய்கள். "ஓடுவதற்குப் பழையது போடலாம், நிற்பதற்கும் திரும்புவதற்கும் புதியதுதான் போட வேண்டும்" என்பது அவர் சொன்ன விதி. வண்டி கட்டுவோர் அனைவரும் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

பின் அச்சை மாற்ற எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரவுன், பினியன் பற்களின் விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். ஆள் ஏற்றும் வண்டியின் விகிதம் பாரம் ஏற்றும் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்தாவிடில் பாரத்துடன் மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறும், கிளட்ச் கருகும். இதை அறிவது எளிது. பின்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, இரண்டையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். இரு வண்டியிலும் எண்ணிக்கை ஒன்றாயின் விகிதம் ஒன்று. நம் சகோதரர்கள் தங்கள் வண்டியின் அச்சு நன்றாயிருந்ததால் அதையே வைத்துக்கொண்டு, பேரிங்கும் சீலும் மட்டும் புதிதாகப் போட்டார்கள்.

இல்லத்தரசியருக்கும் சில சொற்கள். வேலை கொல்லையில் நடந்தால் குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் படுக்கலாகாது. செங்கல் அடுக்கித் தாங்கு கொடுப்பதும் தவறு. செங்கல் திடீரென்று நொறுங்கும். உறுதியான இரும்புத் தாங்கியோ கனத்த மரக்கட்டையோ வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். டீசல் டாங்க் காலியாயிருந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். அதன் அருகே வெல்டிங் வேண்டாம். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது நம் கிணற்றைத் தேடி வரும். தகர டின்னில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.

மீதமான இரும்பைக் காயலான் கடையில் போட்டார்கள். காயல்பட்டினத்தார் இத்தொழிலில் ஈடுபட்டதால் அக்கடைக்கு இப்பெயர் வந்ததென்று கூறுவர். ஒருவர் கழித்ததில் மற்றொருவருக்குப் பயன்படுவதைப் பிரித்தெடுக்கும் அத்தொழிலின் மதிப்பு இத்தகைய வேளைகளில்தான் நமக்குப் புரிகின்றது.

வண்டி தகுதிச் சோதனைக்குப் போயிற்று. முதல் முறை தேறவில்லை. பின் பிரேக்கில் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் தளர்ந்தும் பிடித்ததே காரணம். இளையவர் மனம் சோர்ந்தார். "நாற்பது மூட்டை ஏற்றி, இறக்கத்தில் வரும்போது இது தெரிந்திருந்தால் என்னவாயிருக்கும்?" என்று மூத்தவர் கேட்டார். பிரித்துச் சரி செய்தார்கள். இரண்டாம் முறை தேறியது. ஆர்.சி. புத்தகத்தில் புதிய எஞ்சின் எண்ணும் ஏறியது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதைத் தெரிவித்தார்கள்.

இப்போது அந்த வண்டி காலை வேளைகளில் எங்கள் தெரு வழியாகத் தோப்புக்குச் செல்கின்றது. உறுமல் மாறியிருக்கிறது, ஹாரன் பழையதுதான்.

ஆனால் வாசகர்களே, எல்லா வண்டியும் இப்படி எழுந்து வராது. சுத்தியலின் ஒலி மந்தமாகக் கேட்டால், பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முறையாக உடைக்கக் கொடுத்துவிடுங்கள். நினைவுக்கு ஸ்டியரிங் வளையத்தையோ பெயர்ப் பலகையையோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். தகப்பனாரின் நினைவு உளுத்துப்போன இரும்பில் இல்லை. அதில் ஏறி ஓட்டப்போகும் மகனின் உயிரும், எதிரே வரும் அயலாரின் உயிரும் அந்த நினைவை விடப் பெரியவை.

எடுத்துக் கட்டுவதென்று முடிவு செய்தீர்களாயின், இரும்பை முதலில் பாருங்கள். தாள்களை அடுத்துப் பாருங்கள். எஞ்சினின் உறுமலைக் கடைசியில் கேளுங்கள். இந்த வரிசை மாறியதால்தான் நல்ல மனிதர் ஒருவர் 10,000 ரூபாய் இழந்தார். உங்களுக்கு அந்த இழப்பு நேராதிருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.