மொட்டை மாடி வயர் 'இன்டோர்' கேபிளா? இடி இடித்தால் ரவுட்டர் போவது ஏன்?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கும் அத்தை வீடு. கோடை மழை பெய்த ஒரு சாயங்காலம் டமார்னு ஒரு இடி. ஃபேன் ஓடுது, டிவி ஓடுது. ரவுட்டர் மட்டும் அவுட். மறுநாள் வந்த கேபிள்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இடிக்கெல்லாம் வாரண்டி கிடையாதும்மா." புது ரவுட்டருக்கு அத்தைதான் காசு கொடுத்தார்.

இடி வீட்டின் மேல் விழவில்லை. விழணும்னு அவசியமும் இல்லை. பக்கத்தில் எங்கேயோ மின்னல் இறங்கினாலே, நீளமாகத் தொங்கும் செம்புக் கம்பியில் ஒரு கணம் வோல்ட்டேஜ் எகிறும். இதுதான் சர்ஜ்.

இதைத் தாங்குமா என்று பார்க்க ஐஇசி 61000-4-5 என்ற சர்வதேச டெஸ்ட் முறை இருக்கிறது. 1.2 மைக்ரோ செகண்டில் உச்சம் தொட்டு, 50 மைக்ரோ செகண்டில் பாதியாக இறங்கும் வோல்ட்டேஜை லேபில் உருவாக்கிக் கருவிக்குள் அனுப்புவார்கள். டெஸ்ட் கேபிளுக்கு இல்லை, கேபிளைச் சொருகும் போர்ட்டுக்கு. எத்தனை வோல்ட் என்பது அந்த கேபிள் எங்கே ஓடும் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் ரேடியோ கருவிகளுக்கான இஎன் 301 489-1 தரநிலையில், வெளியே ஓடும் டெலிகாம் கேபிள் என்றால் 1,000 வோல்ட். கட்டடத்துக்குள் ஓடும் நீளமான கேபிள் என்றால் 500. உள்ளேயே ஓடும் குட்டை கேபிளுக்கு டெஸ்ட்டே வேண்டாம்.

சுவருக்குள் பைப்பில் ஓடும் வயருக்கு இது நியாயம்தான். திருச்சி தில்லை நகரில் புது அபார்ட்மென்ட் என்றால் அப்படி இருக்கலாம். ஆனா ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும் சுவிட்சிலிருந்து ஈதர்நெட் வயர் கைப்பிடிச் சுவர், வேப்பமரம், துணிக்கொடி எல்லாம் தாண்டி ஜன்னல் வழியாக உள்ளே வரும். வயரும் இன்டோர், போர்ட்டும் இன்டோர், ஓடுவது மட்டும் அவுட்டோர்! போதாததுக்கு இரண்டு வீட்டுக்கும் எர்த் வேறு வேறு. மின்னல் இறங்கும்போது அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே வரும் வோல்ட்டேஜ் வித்தியாசத்தையும் இதே வயர்தான் சுமக்கணும்.

ஃபைபர் போட்டால் தீர்ந்ததா? கண்ணாடி இழையில் கரன்ட் பாயாது, உண்மை. ஆனா தாங்குவதற்கு உள்ளே ஸ்டீல் கம்பி வைத்த ஃபைபர் கேபிள்களும் உண்டு. அடாப்டர் வழியாக வரும் சர்ஜ் தனிக்கதை.

இந்தியாவிலும் டெலிகாம் கருவிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை இருக்கு. 2017 விதித் திருத்தத்தின்படி வந்த எம்டிசிடிஇ திட்டம் அது. என் கேள்வி வேற. டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் 'இன்டோர்' என்ற வார்த்தை பெட்டியின் மேல் ஏன் இல்லை? 'இந்த போர்ட்டில் மாடி வழியாக வரும் வயரைச் சொருகாதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? வெயிலில் இன்டோர் வயரை இழுத்துவிட்டுப் போனவர்தான் நஷ்டத்தையும் ஏற்கணும். அத்தை இல்லை.

இப்பெல்லாம் வானம் இருட்டத் தொடங்கினதுமே, முதல் இடிக்கு முன்னாடியே, அத்தை அடாப்டரையும் அந்த நீல வயரையும் கழற்றி வைத்துவிடுகிறார். கொடியில் காயும் துணி அதுக்கப்புறம்தான்.