கடல் குறுகியது, பயணம் நெடியது

தொலைவு வேறு, பயண நேரம் வேறு. இவ்வுண்மையைக் குலசேகரன்பட்டினத்து மக்கள் நன்கு அறிவர். இவ்வூரிலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. ஆயினும் அங்குச் செல்ல விழைவோர் முதலில் வடக்கே சுமார் 180 கி.மீ. தரைவழியாக மதுரையை அடைந்து, அங்கிருந்து மீண்டும் தெற்கு நோக்கிப் பறக்கின்றனர். அவ்வான்வழி சுமார் 355 கி.மீ.; ஒரு மணி நேரப் பயணமே. ஆனால் சாலைப் பயணத்தையும், முன்னதாகச் சென்று காத்திருப்பதையும், குடியகல்வு, சுங்கச் சோதனைகளையும் கூட்டினால் எட்டு மணி நேரம் கழிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து 2,900 கி.மீ. கடல் கடந்து சிங்கப்பூருக்கு விமானம் பறக்கும் நேரம் சுமார் நான்கு மணியே என்பதை ஈண்டு ஒப்பிட்டு நோக்குக.

இக்கடல் நம்மைப் பிரித்ததன்று; இணைத்தது. 1906இல் வ.உ.சி. தோற்றுவித்த சுதேசிக் கப்பல் நிறுவனம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. அதற்குப் பெரும்பொருள் ஈந்தவருள் ஹாஜி முகமது பக்கீர் சேட்டும் ஒருவர். இக்கரை ஊர்களின் குடும்பங்கள் பல அக்கரையில் வணிகம் நடத்தின, உறவும் கொண்டன. அங்கே ஒருவர் காலமானால், காலம் தாழ்த்தாது நல்லடக்கம் செய்வது நம் வழக்கம். செய்தி கிடைத்தவுடன் புறப்பட்டாலும், இக்கரை உறவினர் கடைசியாக முகம் காண இயலாது போவதுண்டு. இழப்பது நேரம் மட்டுமன்று.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை இன்று 3,000 மீட்டருக்கு மேல் நீண்டுள்ளது. புதிய முனையம் 2025 ஜூலை 26இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு 270 கி.மீ. கூட இல்லை. குடியகல்வு, சுங்க வசதிகளை ஏற்படுத்தி நேரடிச் சேவை தொடங்கினால் சுமார் மூன்று மணி நேரம் மிச்சமாகும்.

பயணிகள் போதுமா என்னும் வினா எழும். அது புறக்கணிக்கத்தக்கதன்று. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் தொடங்கிச் சில மாதங்களிலேயே நின்றது. எனவே பெரிய விமானம் வேண்டுமென நாம் கேட்கவில்லை. 2019 நவம்பரில் சென்னை–யாழ்ப்பாணம் சேவை, சுமார் 70 பேர் அமரும் சிறு விமானத்துடனேயே தொடங்கிற்று. பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. வாரம் இருமுறை அத்தகைய விமானம் ஒன்று போதும். அதனை நிரப்பும் பொறுப்பு வணிகர்க்கும் மாணவர்க்கும் உண்டு.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் ஏவப்படும் ராக்கெட்டுகள் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்வதால் எரிபொருள் வீணாகிறது. அதனைப் போக்கவே குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட்டின் சுற்றுவழியைக் குறைக்க முனைந்த நாடு, அதே ஊர் மக்களின் சுற்றுவழியையும் குறைத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.