லோரி டிரைவருக்கு சொக்சோ எங்கே?

கேமரன் மலை லெம்பா பெர்த்தாமில் காய்கறி லோரி ஓட்டிய ஒருவர் காலமானால், ஊரே சொல்வது ஒன்றுதான்: நல்ல உழைப்பாளி, குடும்பம் என்றால் உயிரை விடுவார். பொய்யில்லை. துக்கம் விசாரிக்க வரும் முதலாளி தவுக்கேயும் அதையே சொல்லி, கையில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போவார். கருமாதி முடிந்த பிறகுதான் மனைவி அலமாரியைக் கிளறுவார். லைசன்ஸ் இருக்கும், டிரிப் கணக்கு எழுதிய சிட்டைகள் இருக்கும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோ கட்டியதற்கு ஒரு தாளும் இருக்காது.

அவர் வேலை எப்படிப்பட்டது? பகலில் தோட்டத்தில் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றி, பொழுது சாய ரிங்லெட் வந்து தாப்பா சாலையில் இறங்க வேண்டும். ரிங்லெட் சுமார் 1,100 மீட்டர் உயரம், தாப்பா சமவெளி. இடையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டரும் வளைவுதான். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் இறக்கத் தெரிந்தவர்தான் வீடு திரும்புவார். சரக்கு போய்ச் சேரும் செலாயாங் பாசார் போரோங் மொத்தச் சந்தையில் வியாபாரம் இரவில்தான். சரக்கை இறக்கிவிட்டு, விடியுமுன் மறுபடி மலையேற வேண்டும். சம்பளம் டிரிப்புக்கு இவ்வளவு என்பதால், தூங்கினால் காசில்லை. பிள்ளையின் பள்ளிச் செலவை நினைத்து இன்னொரு டிரிப்புக்குத் தலையாட்டுவார். நாம் புகழும் அந்தக் குடும்பப் பாசத்தை வைத்துத்தான் அவரிடம் கூடுதல் வேலை வாங்குகிறார்கள்.

இப்படி லோரி ஓட்டுபவர்களில் பலருடைய பெற்றோர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். 1929இல் தொடங்கிய போ தோட்டமும் பிறகு வந்த தோட்டங்களும் கூலியைக் குறைத்தே கொடுத்திருக்கலாம். ஆனால் பெயர்ப் பதிவேடு என்று ஒன்று இருந்தது, பேச ஒரு சங்கம் இருந்தது. காய்கறித் தோட்டத்துக்கு ஓட்ட வந்ததும் கையில் காசு கூடியது, ஏட்டில் பெயர் போனது.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் முதலாளி அவரைப் பதிய வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விபத்தில் இறந்தால் சார்ந்தோர் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, மாதாமாதம். சொந்த லோரி வைத்திருப்பவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. முதலில் டாக்சிக்காரர்களுக்கு வந்தது, 2020இல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அதன் மிகச் சிறிய திட்டத்துக்கு மாதம் 13 ரிங்கிட் 10 காசு கட்டினால் போதும் என்று அறிவித்தார்கள். ஒரு டிரிப்பின் சாப்பாட்டுச் செலவு அது.

2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் நள்ளிரவில் இந்தப் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனபோது, தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. சாலையில் ஒவ்வொருவராகச் சாகும் டிரைவருக்காக யாரும் மலையேறுவதில்லை. விபத்தென்றால் முதலில் பிடிபடுபவரும் அவர்தான். 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் லோரி மோதி கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தபோதும், முதலில் கைதானவர் டிரைவர்தான். லோரியின் ஸ்டியரிங் கோளாறும் அளவுக்கு மீறிய பாரமும் விசாரணையில்தான் வெளிவந்தன. பாரத்தை ஏற்றச் சொல்வது யார், பிரேக் மாற்றக் காசு தராதது யார் என்று இங்கே மலையிலும் கேட்டாக வேண்டும்.

சொக்சோவை நடத்தும் பெர்கேசோ அதிகாரிகள் லெம்பா பெர்த்தாமுக்கே வந்து, சரக்கு ஏறும் நேரத்தில் முகாம் போடட்டும். அலுவலக நேரத்தில் வா என்றால் இரவெல்லாம் ஓட்டியவர் வரமாட்டார். விவசாயிகள் சங்கங்கள், சொக்சோ இல்லாத டிரைவரிடம் சரக்கு கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கலாம். சாலைப் போக்குவரத்து இலாகா எடையைத் தாப்பாவில் அல்ல, ரிங்லெட்டிலேயே, இறக்கம் தொடங்குமுன் பார்க்க வேண்டும்.

டிரைவர் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. டிரிப் சிட்டை, வங்கியில் வந்த பணக் கணக்கு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவர் யாரிடம் வேலை செய்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. முதலாளி பதியவில்லை என்பதற்காக மனுப் போடாமல் விட்டுவிடாதீர்கள். இந்த மாதம் சொக்சோ கட்டியாகிவிட்டதா என்று, அவர் அடுத்த டிரிப் கிளம்புமுன் கேளுங்கள்.