கடைக்காரர் எங்கே?



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். லேப் வேலைக்கு மல்டிமீட்டர் வேண்டும் என்றதும், நூறு நாள் வேலையில் சேர்த்து வைத்திருந்த காசிலிருந்து 850 ரூபாயை அம்மா எடுத்துக் கொடுத்துச்சு. செல்போனில் ஆர்டர் போட்டேன். பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே பழைய டி.வி. ரிமோட்!

அன்றே புகார் செய்தேன். பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். விற்பவர் சரியான பொருளைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று புகாரை முடித்துவிட்டார்கள். "ஏண்டா தம்பி, கடைக்காரன் மூஞ்சியப் பாக்காமலா காசக் குடுத்த?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கீழராஜவீதியில் வாங்கியிருந்தால் மறுநாளே கடை வாசலில் போய் நின்றிருப்பேன். இங்கே யார் வாசலில் நிற்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு தர வேண்டும். விற்பவரின் பெயர், முகவரியையும் காட்ட வேண்டும். ஆனால் 850 ரூபாய்க்காகக் கூலியை விட்டுவிட்டு எத்தனை பேர் அலைவார்கள்? இந்தக் கணக்கு ஏமாற்றுபவனுக்கு நன்றாகவே தெரியும்!

"நாங்கள் சந்தைக்கு இடம் கொடுத்தவர்கள்தான்" என்பது நிறுவனங்களின் வாதம். நான் வாங்கிய இடம் வேறு. ஆனால் அமேசான் விஷயத்தைப் பாருங்கள். தரக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத 2,265 பிரஷர் குக்கர்கள் அதன் வழியாக விற்கப்பட்டதற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. அந்த விற்பனையில் கிடைத்த கமிஷனோ 6 லட்சத்துக்கு மேல்! அபராதம் இவ்வளவுதான் என்றால் யாருக்குப் பயம் வரும்?

வாங்குபவர்களிலும் பொருளை மாற்றி வைத்து ஏமாற்றுபவர் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வீடியோ எடுக்காதவன் எல்லாம் திருடனா? பேக்கிங் செய்ததற்கு விற்பவனும் வீடியோ காட்டட்டும். கமிஷன் வாங்கும் நிறுவனம் முதலில் நமக்குப் பணத்தைத் தரட்டும். பிறகு விற்றவனிடம் வசூல் செய்துகொள்ளட்டும். இதுதான் நியாயம்.

நண்பர்களே! பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். 1915 எண்ணில் புகார் செய்யுங்கள். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்; அவன் நம்பியிருப்பது அதைத்தான். நானும் விடப்போவதில்லை. செமஸ்டர் முடிந்ததும் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அம்மாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கு!